கடைசிப் பட்டன்

‘வலிக்குது’ என்ற பட்டனை அழுத்தினால் ‘கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்’ என்று வந்தது. ஆவுடை முதலில் சிரித்தாள். பக்கத்து மேசையில் ஆள் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். பிறகு ‘காய்ச்சல்’ பட்டனை அழுத்தினாள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ‘பயமா இருக்கு’ பட்டனை அழுத்தினாள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வாழ்த்துப் பட்டனை அவள் அன்று காலையில்தான் சேர்த்திருந்தாள். அடுத்த அணி டிசம்பரில் இறங்குகிறது, பண்டிகைக்கு வீட்டில் இருக்க மாட்டார்கள், ஒரு வாழ்த்தாவது போகட்டும் என்று குடும்பங்கள் கேட்டிருந்தன. பட்டியலின் கடைசியில் பத்தாவதாகச் சேர்த்தாள். அதற்கு முன்னால் கடைசியாக இருந்தது ஒன்பதாவது பட்டன், ‘நல்லா இருக்கேன்’.

அந்த ஒன்பது பட்டன்கள்தான் நாலு மாதமாகக் கடலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தன.

தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலின் அடித்தரையில், கனிமம் சுரண்டும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் தங்கும் இரும்பு வீடு ஒன்று இருந்தது. நிறுவனம் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. ஊரில் எல்லோரும் ‘கீழ்வீடு’ என்றார்கள். இறங்கினால் ஐந்து மாதம் அங்கேதான். கம்பி இழுத்தால் எந்திரங்கள் அறுத்துவிடும் என்பதால் தண்ணீர் வழியாக ஒலியில்தான் செய்தி வரும், போகும். எந்திரங்களின் பேச்சுக்கே அந்தப் பாதை போதாது. மனிதர்களுக்கு என்று மிச்சம் இருந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு எண். ஒரே ஒரு எண். அந்த எண்ணைத்தான் ஆவுடை வார்த்தையாக்கினாள். கீழே ஒரு திரை, அதில் ஒன்பது பட்டன். அழுத்தினால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே வீட்டாரின் போனில் அந்த வார்த்தை வரும். வீட்டிலிருந்து பதில் சொல்ல நாலு பட்டன்.

பெரிய மென்பொருள் எல்லாம் இல்லை. ‘ஒரு சன்னல் திற, அதில் ஒரு பட்டன் வை, தொட்டால் இதைச் செய்’ என்று வரிவரியாக எழுதினால் அப்படியே ஓடுகிற ஸ்கிரிப்ட். முதலில் ஒன்பது பட்டனுக்கும் ஒன்பது தடவை தனித்தனியாக எழுதி வைத்திருந்தாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. பட்டியலைக் கொடுத்து, ‘ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன் போட்டுக்கொள்’ என்று மூன்றே வரியில் சுருக்கினாள். அப்போது அவளுக்குத் தன் மேலேயே ஒரு பெருமை.

மேசையில் பாதி காலியான மக்ரூன் பாக்கெட் இருந்தது. ஜெசிந்தா கொடுத்தது. அவள் கணவன் சூசை மிக்கேல் கீழே இருக்கிறான். போன வாரம் அலுவலக வாசல் வரை வந்து, “உன்னாலதாம்மா தினமும் அவிய வார்த்தை வீட்டுக்கு வருது” என்று கையில் திணித்துவிட்டுப் போனாள். ஆவுடை அந்த பாக்கெட்டை எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினாள். பார்க்க முடியவில்லை.

எழுந்து மேலாளர் எபனேசர் சாரின் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதும் கேட்டார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

“எனக்குப் புரியுற மாதிரி சொல்லும்மா. பட்டன் அழுந்திச்சுல்லா? நாம பார்த்தோம்லா?”

“அழுந்துது சார். நிறம் மாறுது, ‘அனுப்பியாச்சு’ன்னு வருது. ஆனா எந்த வார்த்தையை அனுப்பணும்னுதான்...” அவள் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினாள். “ஒன்பது பேரை வரிசையா கூப்பிட்டு, ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘இந்தப் பலகையில இருக்குறதைப் படி’ன்னு சொல்லிட்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் பலகையை அழிச்சு அழிச்சு எழுதினேன். அவங்க அப்பவே படிச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். இல்ல சார். தேவைப்படுறப்பதான் திரும்பிப் பார்க்குறாங்க. அப்போ பலகையில கடைசியா எழுதினது மட்டும்தான் இருக்கு.”

“கடைசியா எழுதினது...”

“நல்லா இருக்கேன்.”

எபனேசர் சார் பலகையைப் பார்த்தார். அதில் ஏதோ கூட்டத்தின் நேரம் எழுதியிருந்தது.

“சோதிச்சுப் பார்த்தோம்லாம்மா? கோயில் ஹால்ல வச்சு, எல்லா குடும்பத்துக்கும் முன்னால?”

“ஒண்ணைத்தான் சார் அனுப்பிப் பார்த்தோம்.”

அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது.

அன்று அந்த ஹாலில் ஆவுடை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் பட்டனிலிருந்துதான் ஆரம்பிக்கப் போனாள். முதல் பட்டன் ‘வலிக்குது’. எதிரில் பெண்களும் தாய்மார்களும் புதுச் சேலையில், கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் இன்னும் கடலில் இறங்கவே இல்லை, அதற்குள் வீட்டுப் போனில் ‘வலிக்குது’ என்றும் ‘மேலே எடுக்கச் சொல்லு’ என்றும் வந்தால் நன்றாகவா இருக்கும்? எபனேசர் சார்தான் குனிந்து, “முதல் வார்த்தை நல்ல வார்த்தையா இருக்கட்டும்மா” என்றார். பாதிரியாரும் தலையை ஆட்டினார். நெல்லையப்பரைக் கும்பிடுகிற ஆவுடைக்கும் அதுதான் சரி என்று பட்டது. இந்த ஒரு விஷயத்தில் எல்லா சாமிக்கும் ஒரே கருத்து. அவள் ‘நல்லா இருக்கேன்’ பட்டனை அழுத்தினாள். முன்வரிசையில் இருந்த ஜெசிந்தாவின் போன் முதலில் சிணுங்கியது. ஹாலே கைதட்டியது.

மற்ற எட்டையும் அலுவலகத்தில் வந்து அனுப்பிப் பார்த்திருக்கலாம். பட்டன் அழகாக அழுந்துகிறதா என்று மட்டும் பார்த்தாள். அன்று மதியம் முழுக்க அவள் வேறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். வீட்டிலிருந்து சந்தோஷமான பதில் போனால், அது கீழே திரையில் தோன்றும்போது ஒரு பூ மெல்ல விரிகிற மாதிரி படம். யாரும் கேட்கவில்லை. பாவம், இருட்டில் கிடக்கிறவர்களுக்கு ஒரு பூவாவது இருக்கட்டும் என்று அவளாகச் செய்தது.

“பட்டியல் நல்ல வார்த்தையில முடியட்டும்னும் நான்தான் சொன்னேன்,” என்றார் எபனேசர் சார் மெதுவாக.

அவர் மோசமான மனுஷன் இல்லை. ஆனால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அந்த நாற்காலிக்கு உரிய பேச்சு வந்துவிட்டது.

“இதைக் கீழ அனுப்பித் திருத்த முடியுமா?”

“முடியும் சார். ஒரு சொல்தான் சேர்க்கணும். ‘இப்பவே படிச்சுப் பிடிச்சுக்கோ’ன்னு.”

“அப்ப அனுப்பிரு. இன்னைக்கு ஆறு மணியில இருந்து சரியா வரும்லா? இன்னும் ஒரு மாசத்துல எல்லாரும் மேல வந்துருவாங்க. நாலு மாசத்துல ஒருத்தராவது புகார் சொன்னாங்களா?”

“நல்லா இருக்கேன்னு வந்தா யார் சார் புகார் சொல்லுவா?”

“அதான் சொல்லுதேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

“கீழ யாராவது ‘மேலே எடுக்கச் சொல்லு’ன்னு அழுத்தியிருந்தா சார்?”

எபனேசர் சார் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பட்டனுக்காகத்தான் தொழிலாளர் சங்கம் மாதக்கணக்கில் சண்டை போட்டது. கீழே மேற்பார்வையாளரிடம் போய் முடியவில்லை என்று சொல்கிறவனுக்கு அடுத்த முறை வேலை இருக்காது. அதனால் அவன் வீட்டுக்குச் சொல்வான், வீட்டார் போனில் உள்ள சிவப்புப் பட்டனை அழுத்துவார்கள், நிறுவனம் காரணம் கேட்காமல் ஆளை மேலே எடுக்க வேண்டும். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுக்க ஒரு வாரம் ஆகும். யார் எதை அழுத்தினார்கள் என்று நிறுவனம் பார்க்கவோ சேர்த்து வைக்கவோ கூடாது என்பதும் ஒப்பந்தம். ஆவுடை அதை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தாள். கீழே பன்னிரண்டு பேர் நாலு மாதமாக எதைச் சொன்னார்கள் என்பது இப்போது இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை.

அவள் தன் இடத்துக்கு வந்து அந்த ஒரு சொல்லைச் சேர்த்தாள். இந்த முறை பத்துப் பட்டனையும் அழுத்தி, பத்து வார்த்தையும் சரியாக வருகிறதா என்று பார்த்தாள். கீழே அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.

ஜெசிந்தாவின் வீடு கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருந்தது. அவள் இறால் கம்பெனி வேலை முடிந்து வந்து, வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தபோதுதான் ஆவுடைக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

“வா தங்கச்சி. உள்ள வா. மக்ரூன் தீந்துட்டாக்கும்?”

“அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். சொன்ன பெறகு நீங்க என்னை அடிச்சாலும் சரி.”

உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவள் சொன்னாள். பலகைக் கதையைத் திரும்பவும் சொன்னாள். கோயில் ஹாலைச் சொன்னாள். “அண்ணாச்சி எதை அழுத்தியிருந்தாலும் உங்களுக்கு ‘நல்லா இருக்கேன்’னுதான் வந்திருக்கும். நாலு மாசமா. என் தப்புதான் அக்கா. முழுக்க என் தப்பு.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை என்று அந்த அழுகையின் மேலேயே வெறுப்பு வந்தது.

ஜெசிந்தா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

ஆவுடை நிமிர்ந்தாள்.

“மொத வாரமே தெரியும். பட்டியலு, பலகையெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அது அவிய வார்த்தை இல்லைன்னு தெரியும்.” ஜெசிந்தா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “கல்யாணமாகி இத்தனை வருசத்துல அந்த மனுசன் ஒரு நாளு நல்லா இருக்கேன்னு சொன்னதில்ல. கொழம்புல உப்பு கூட, முதுகு பிடிச்சிருக்கு, ஃபேன் சத்தம் போடுது, பக்கத்து வீட்டு நாய் கொலைக்கி. மாப்பிள்ளைக் கோலத்துல பீடத்துக்கு முன்ன நிக்கும்போதே ஷூ கடிக்கின்னு என் காதுல சொன்ன ஆளு. அவிய கடலுக்கு அடியில போய்த் தினமும் நல்லா இருக்கேம்பாவளா?”

“அப்ப ஏன் அக்கா சொல்லல?”

கேட்ட பிறகுதான், கேட்கிற இடத்தில் தான் இல்லை என்பது ஆவுடைக்கு உறைத்தது. ஆனால் ஜெசிந்தா அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவள் போலப் பேசினாள்.

“மொதல்ல மிஷின் கோளாறுன்னு நெனச்சேன். வந்து சொல்லணும்னுதான் நெனச்சேன். ரெண்டு நாளு போச்சு. சாயங்காலம் ஆனா ‘நல்லா இருக்கேன்’ வருது. ஒரு கொறை இல்ல, ஒரு முனகல் இல்ல. சும்மா சொல்லக் கூடாது தங்கச்சி, நல்லா இருந்துச்சு. ஒருவேளை மாறிட்டாவளோன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டே இருந்தா நம்பிக்கை வந்துருது. மத்த வீட்டுக்காரியெல்லாம் அப்படித்தான். கோயில்ல பார்த்தா, எங்க வீட்டுலயும் நல்லா இருக்காவளாம், எங்க வீட்டுலயும் நல்லா இருக்காவளாம். ஒருத்தியும் மேக்கொண்டு கேக்க மாட்டா. நானும் கேக்கல.” அவள் துண்டைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். “உனக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்லா, எதுக்குன்னு நெனச்ச? நீ அதைச் சரி பண்ணிராதேங்குறதுக்கு. அப்ப எனக்கே அது தெரியல. இப்ப நீ சொல்லும்போது தெரியுது.”

“நீங்க என்ன பதில் அனுப்புனீங்க?” என்று கேட்க ஆவுடைக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நாலு பதிலையும் எழுதியவளே அவள்தான். ‘பிள்ளை நல்லா இருக்கா.’ ‘ஜெபம் பண்றேன்.’ ‘பொறுத்துக்கோங்க.’ ‘ரொம்ப சந்தோஷம்.’

ஜெசிந்தாவே சொன்னாள். “அவிய நல்லா இருக்கேன்னா, நான் ரொம்ப சந்தோஷம்னு அழுத்துவேன். வேற என்னத்தை அழுத்த?”

கோயில் மணி அடித்தது. ஆறு. ஜெசிந்தாவின் கை தானாகச் சிலுவை போட்டது. மேசை மேலிருந்த போன் சிணுங்கியது.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. திருத்தம் போன பிறகு வருகிற முதல் வார்த்தை. அது ‘வலிக்குது’ என்று இருக்கலாம். ‘மேலே எடுக்கச் சொல்லு’ என்று இருக்கலாம். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆவுடை பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜெசிந்தாதான் போய் எடுத்தாள்.

‘நல்லா இருக்கேன்.’

“இல்ல அக்கா, திருத்திட்டேன். பத்தையும் அழுத்திப் பார்த்தேன்...” ஆவுடை லேப்டாப்பை வெளியே இழுத்தாள். அதற்குள் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. பெனிட்டா. அவள் அண்ணன் கீழே இருக்கிறான்.

“ஏட்டி ஜெசிந்தா! எங்க அண்ணன் தூக்கம் இல்லைங்குது! இது என்னட்டி புதுசா இருக்கு? நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?”

ஜெசிந்தா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப மிஷின் சரியாயிட்டு,” என்றாள் மெதுவாக.

“ஆமாக்கா.” ஆவுடைக்கு மூச்சு வந்தது. “அண்ணாச்சி நெஜமாவே நல்லாத்தான் இருக்காங்க போல. இது அவங்களே அழுத்தினது.”

சொல்லி முடிக்கும் முன்னே அவளுக்கே தான் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. நாலு மாதமாக அந்த ஆள் ஒன்றைச் சொல்வான், அதற்கு ‘ரொம்ப சந்தோஷம்’ என்று பதில் வரும். வலிக்குது என்பான், ரொம்ப சந்தோஷம். பயமா இருக்கு என்பான், ரொம்ப சந்தோஷம். மேலே எடுக்கச் சொல்லு என்பான். ஊரிலேயே அதிகமாகக் குறை சொல்கிற அந்த மனிதன் கடைசியில் குறை சொல்வதை விட்டுவிட்டான்.

ஜெசிந்தா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினாள். ‘உறுதியா?’ என்று கேட்டது. திரும்ப அழுத்தினாள்.

“இத்தனை நாளும் மிஷின் சொல்லிச்சு, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அவிய வாயால சொல்லுதாவ. நல்லா இருந்தா அந்த மனுசன் இதைச் சொல்லமாட்டாவ.”

சிறிது நேரத்தில் ஆவுடையின் போன் அடித்தது. எபனேசர் சார். “ஜெசிந்தா வீட்டுல இருந்து எடுக்கச் சொல்லி வந்திருக்கு. நீ அங்கதான் இருக்கியா? என்ன காரணமாம்?”

“காரணம் கேக்கக் கூடாது சார். ஒப்பந்தம்.”

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “சரி. ஆரம்பிக்கச் சொல்லுதேன்,” என்றார் எபனேசர் சார். “மத்த வீடுகளுக்கு நாளைக்கு நானும் வாரேன். ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம்.”

ஜெசிந்தா போனை நீட்டினாள். திரையில் நாலு பதில்கள் வரிசையாக நின்றன. “மேல எடுக்க ஒரு வாரம் ஆகும்லா? அதுவரைக்கும் அவியளுக்கு நான் என்ன சொல்ல? இதுல எதை அழுத்த?”

அந்த நாலில் எதுவும் ஆகாது. ஆவுடை லேப்டாப்பைத் தரையில் வைத்துத் திறந்தாள். “புதுசா ஒண்ணு சேர்க்குறேன் அக்கா. என்ன போடட்டும்?”

ஜெசிந்தா யோசித்தாள். “‘இப்பதான் காதுல விழுந்துச்சு’ன்னு போடு.”

ஒரு வரி. ஐந்தாவது பதில் பட்டன் போனில் வந்தது. ஜெசிந்தா உடனே அழுத்தப் போனாள். ஆவுடை கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொறுங்கக்கா. இப்போதைக்கு இந்த லேப்டாப்தான் கீழ்வீட்டுத் திரை. ஒவ்வொண்ணா அழுத்துங்க, எல்லாத்தையும். நான் பார்த்துச் சொல்றேன். அப்பறம்தான் கீழ போகும்.”

ஜெசிந்தா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். புதிய வார்த்தையை அழுத்தினாள். லேப்டாப்பில் வந்தது. ‘பிள்ளை நல்லா இருக்கா’ வந்தது. ‘ஜெபம் பண்றேன்’ வந்தது. ‘பொறுத்துக்கோங்க’ வந்தது. அதற்கு மேல் விரல் நகரவில்லை.

“இதையும் அழுத்தணுமா?”

“எல்லாத்தையும் அழுத்தணும்க்கா. அன்னைக்கு நான் அதைத்தான் செய்யல.”

ஜெசிந்தா அழுத்தினாள். திரை முழுக்கப் பச்சை வெளிச்சம் பரவியது. ‘ரொம்ப சந்தோஷம்’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. எழுத்துக்குக் கீழே இளஞ்சிவப்பில் ஒரு மொட்டு தலை தூக்கி, ஒவ்வொரு இதழாக, அவசரமே இல்லாமல் விரிந்தது. கடைசி இதழ் விரிந்ததும் பூ லேசாக ஆடியது. அந்த ஆட்டத்துக்காக ஆவுடை அன்று ரொம்ப நேரம் உழைத்திருந்தாள்.

பூ மறைகிற வரைக்கும் ஜெசிந்தா கண்ணை எடுக்கவில்லை.

“கீழ இப்படியா தெரியும் அவியளுக்கு?”

“ஆமாக்கா.”

“தெனமுமா?”

“தெனமும்,” என்றாள் ஆவுடை. பூவுக்கான வரிகளைத் தேடி எடுத்து, ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக அழித்தாள்.